புழுத்தொட்டிக்குப் போன தண்ணீர்

முயல் புழுக்கையைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு ஒரு மனுஷி சந்தோஷப்படுவாள் என்றால் எம். புதுப்பட்டியில் யாரும் நம்ப மாட்டார்கள். பொன்மணி சந்தோஷப்பட்டாள். கறுப்புக் கொண்டைக்கடலை மாதிரி உருண்டை உருண்டையாக, நாற்றமில்லாமல், கையில் ஒட்டாமல் விழுகிற சரக்கு அது. சல்லடையில் போட்டுச் சலித்து, முயல் முடியும் துரும்பும் போக்கி, தண்ணீர் தெளித்துச் சாக்குப் போட்டு மூடி, ஆறவைத்த பிறகுதான் மண்புழுக்களுக்குப் போடுவாள். பச்சைப்பிள்ளைக்குச் சோறு குழைக்கிறவள்கூட இவ்வளவு பக்குவம் பார்க்க மாட்டாள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் பட்டாசுக் கம்பெனி வேனுக்குப் போகிற வழியில் வேலியோரம் நின்று எட்டிப் பார்ப்பாள்.

"ஏத்தா பொன்மணி, ஒம் புளுகளுக்கு உப்பு, ஒறப்பெல்லாம் சரியாப் போட்டியா?"

"உப்புதான் மதினி அதுகளுக்கு ஆகவே ஆகாது. முசல் மூத்திரம் கொஞ்சம் கூடப் பட்டாலே துடிச்சுப் போகும்."

"ஆத்தாடி! எங்க வீட்டு ஆம்பளைக்குக்கூட இம்புட்டுப் பத்தியம் கெடையாது" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு வேனைப் பிடிக்க ஓடுவாள்.

வீட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் கம்பிவலைக் கூண்டுகள் இரண்டடுக்காக நின்றன. கூண்டுக்கு அடியில் தகரத்தைச் சாய்த்துக் கட்டியிருந்தாள். புழுக்கை உருண்டு இந்தப் பக்கம் விழும். மூத்திரம் வழிந்து அந்தப் பக்கம் போய்விடும். கூண்டை ஒட்டினாற்போலப் புழுத்தொட்டி. தென்னை நார்க்கழிவைப் பரப்பி, அதன்மேல் ஆறின புழுக்கையைத் தூவி, மேலே ஈரச்சாக்கு, அதற்கும் மேலே தென்னங்கிடுகு. வெயில் ஒரு பொட்டுக்கூட உள்ளே இறங்காது. புழுக்களுக்கு வெளிச்சம் ஆகாது.

இத்தனை பாடும் எதற்கு என்றால், பாலகுருவுக்காக. அவள் புருஷன் பாலகுரு முன்பு பட்டாசுக் கம்பெனி மருந்து அறையில் வேலை பார்த்தவன். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் கலந்து மணிமருந்து உருட்டுகிற வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அந்த அறை வெடித்துப் போய்விட்டது. கூட வேலை பார்த்த தம்பி செல்வக்குமார் அங்கேயே போய்ச் சேர்ந்தான். பாலகுரு கழுத்தும் இடது கையும் வெந்து, மதுரை ஆஸ்பத்திரியில் வாழையிலையில் கிடந்து, பிழைத்து வந்தான். இடது கை விரல்கள் மூன்று ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. கட்டுப் போட்ட அந்தக் கையைத் தொடப் பயந்துகொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்தபடி பொன்மணி அவனிடம் சத்தியம் வாங்கினாள். செத்துப்போன செல்வக்குமார் மேல் சத்தியம். இனி மருந்தைத் தொடுவதில்லை.

புழு பெருகினால் உரம் விற்கும். உரம் விற்றால் இவன் வீட்டோடு இருப்பான். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான். அதில் ஒரு பிசகும் இருந்ததாக அவளுக்குத் தெரியவில்லை.

தண்ணீர்தான் பெரும்பாடு. குழாயில் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. வந்தால் அண்டா, குடம், டிரம், சோற்றுப்பானை என்று எல்லாவற்றிலும் பிடித்து வைத்துச் சொட்டுச் சொட்டாகச் செலவழிக்கிற ஊர். புழுத்தொட்டியோ எந்நேரமும் ஈரமாக இருந்தாக வேண்டும். அதற்குப் பொன்மணி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பாலகுருவின் வெந்து ஆறிய தோலுக்குச் சோப்பு ஆகாது. பட்டால் தீயாய் எரியும். பாசிப்பயற்று மாவு தேய்த்துத்தான் குளிப்பான். அந்தத் தண்ணீரில் சோப்பு இல்லை, காரம் இல்லை. பயற்று மாவோ புழுக்களுக்குத் தீனி. ஆகவே குளிக்கிற கல்லிலிருந்து புழுத்தொட்டி வரைக்கும் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினாள். அவளும் மகள் இசைவாணியும் குளிக்கும்போது அதன் வாயில் ஒரு கை மண்ணை வைத்து அடைத்து, சோப்புத் தண்ணீரை முருங்கைக்குத் திருப்பிவிடுவாள். பாலகுரு குளிக்கும்போது மட்டும் மண்ணை எடுத்துவிடுவாள்.

"எம் புருசன் குளிக்கிற தண்ணி தீர்த்தம் மாதிரி மதினி" என்று பேச்சியம்மாளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

சித்திரையிலிருந்து பாலகுரு வேலைக்கும் போய்க்கொண்டிருந்தான். விருதுநகரில் மிளகாய்க் கமிஷன் கடையில் மூட்டை இறக்குகிற வேலை. லோடு விடியற்காலமே வந்துவிடும் என்பதால் இருட்டோடு கிளம்பி, மதியத்துக்குள் திரும்பிவிடுவான். மிளகாய் நெடி பிள்ளைமேல் படக்கூடாது என்று வந்ததும் வராததுமாகக் கல்லுக்குப் போய்க் குளித்து, உடுத்திய துணியையும் தானே அலசிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான். மார்க்கெட்டில் தொலைந்துபோகும் என்று போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அரைஞாண் கயிற்றில் முள் எடுக்கப் போட்டிருந்த ஊக்கைக்கூட, மூட்டை தூக்கும்போது குத்துகிறது என்று கழற்றிக் குங்குமத் தட்டில் போட்டிருந்தான். வாரக் கடைசியில் உர மூட்டையை டிவிஎஸ் வண்டியில் ஏற்றி வெம்பக்கோட்டை நர்சரிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் பணத்தோடு வருவான். வருகிற வழியில் கண்மாய்க்கரையில் முயலுக்குப் புல் அறுத்து வருவான். ஊரே காய்ந்து கிடக்கிறபோது அந்தப் புல் மட்டும் கருகருவென்று இருக்கும். கெட்டிக்காரன், எங்கே புல் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ஆவணி பிறந்தது. தீபாவளிச் சீசன் என்று ஊர் முழுக்கப் பரபரப்பு. வேன்கள் இரண்டு நடை அடித்தன. அந்த நேரத்தில்தான் ஒருநாள் பொன்மணி தொட்டிச் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

புழுக்கள் படுகையை விட்டு வெளியே வந்து தொட்டிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. ஏற முடியாதவை மேல்மண்ணில் கயிறாகச் சுருண்டு கிடந்தன. கை விட்டுத் துழாவினால், பாதிப் புழுக்கள் துவண்டு வெளுத்து, தொட்ட இடத்தில் நைந்து போயின. எந்நேரமும் மழை மண் வாசம் வீசுகிற தொட்டியில் அன்றைக்குப் பிண நாற்றம் அடித்தது. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் தகரத்தைச் சந்தேகப்பட்டாள். எங்காவது ஓட்டை விழுந்து மூத்திரம் உள்ளே ஒழுகுகிறதோ என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஓட்டை இல்லை. புழுக்கை ஆறாமல் சூடாகப் போட்டுவிட்டோமோ என்று சாக்குக்குள் கை வைத்துப் பார்த்தாள். குளுகுளுவென்றுதான் இருந்தது. எறும்பும் இல்லை. பிறகுதான் ஊசி ஞாபகம் வந்தது. ஆடியில் முயல்களுக்குக் காதில் சொறி வந்து, கால்நடை டாக்டர் ஊசி போட்டிருந்தார். ஊசி போட்ட முயலின் புழுக்கை புழுவைக் கொல்லும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நாட்களின் புழுக்கையை எல்லாம் தனியாக அள்ளிக் குழி தோண்டிப் புதைத்துவிட்டிருந்தாள். இருந்தாலும் தப்பி ஒரு கூடை கலந்துவிட்டதோ?

மதியம் பாலகுரு குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் சொன்னாள்.

"ஊசிதான். வேற என்ன?" என்றான் பாலகுரு உடனே. "நான்தான டாக்டரக் கூட்டியாந்தேன். எந் தப்புதான் புள்ள, விடு."

பொன்மணி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து குழம்பில் உப்புக் கூடினால் அவள் தப்பு, வண்டி பஞ்சரானால் ரோட்டின் தப்பு என்று சொல்லி வந்த மனுஷன். தன் தப்பு என்று அவன் வாயால் இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

"நான் அந்தப் புளுக்கையெல்லாம் பொதச்சிட்டனே."

"கொஞ்சம் கலந்திருக்கும். விடுங்கிறேன்ல."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். வலது கைதான் பிசைந்தது. இடது கை தொடைமேல் கவிழ்ந்து கிடந்தது. அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கந்தக வாடையும் அவளுக்கு இரண்டொரு முறை அடிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த ஊரில் காற்றுக்கே அந்த வாடைதானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பழகியிருந்தாள்.

மறுநாள் இசைவாணி பள்ளிக்கூடம் போனதும், தொட்டி மண்ணில் கொஞ்சம் அள்ளித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு வெம்பக்கோட்டைக்கு மினிபஸ் ஏறினாள். அங்கே நர்சரி வைத்திருக்கிற முனியராஜ்தான் அவளுக்கு முதன்முதலில் புழு கொடுத்தவர். அவரிடம் காட்டினால் காரணம் சொல்வார். வழி நெடுகக் கருவேலங்காடு. காட்டுக்கு நடுவில் தள்ளித் தள்ளிக் கட்டிய மருந்து அறைகள். ஒன்று போனாலும் அடுத்தது போகக்கூடாது என்று கட்டியவை. அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று அவள் மடியிலிருந்த தூக்குவாளியையே பார்த்துக்கொண்டு போனாள்.

முனியராஜ் கொய்யாக் கன்றுகளுக்குப் பூவாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி! இந்தப் பக்கமே மறந்துட்டியோன்னுல்ல நெனச்சேன்."

"மறப்பனாண்ணே? போன வாரங்கூட நம்ம மூட்ட வந்துச்சே."

"எங்கன?"

"இங்கனதான். இசைவாணி அப்பா கொண்டாந்து போட்டாகளே."

முனியராஜ் பூவாளியைக் கீழே வைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"தங்கச்சி, பங்குனிக்குப் பெறகு நான் ஒரம் வாங்கலியே. மளையும் இல்ல, கன்னு எடுக்க ஆளும் இல்ல. பளைய மூட்டையே அந்தா அடுக்கிக் கெடக்கு பாரு. பாலகுருகிட்ட அப்பவே சொன்னேன். அவன் ஒங்கிட்டச் சொல்லலியா?"

பொன்மணி மனசுக்குள் மாதங்களை எண்ணினாள். பங்குனி. அதற்குப் பிறகு எத்தனை மூட்டை போயிற்று, எத்தனை முறை உரக்காசு என்று அவள் கையில் கொடுத்தான். அந்தக் காசில் இசைவாணிக்குச் சைக்கிள் வாங்கினாள். புழு வாங்கிக் கொடுத்த சைக்கிள் என்று மகளைக் கேலிகூடப் பண்ணினாள்.

"சொன்னாகண்ணே. நாந்தான் மறந்துட்டேன்" என்றாள். புருஷனை விட்டுக்கொடுக்க அந்த நேரத்திலும் அவளுக்கு வாய் வரவில்லை. "புளு சாகுதுண்ணே. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

முனியராஜ் ஒரு வெறுஞ்சாக்கை வெயிலில் விரித்து, தூக்குவாளியைக் கவிழ்த்தார். மண்ணைக் கையால் பரப்பினார்.

கிடுகுக்கும் சாக்குக்கும் அடியில் என்றைக்கும் கறுப்பாகவே பார்த்துப் பழகிய மண். முதல் முறையாக வெயிலில் கிடந்தது. கிடந்து மினுமினுத்தது. ஈரம் காயக் காய, மண்ணுக்குள் அங்கங்கே பொடிப்பொடியாக வெள்ளியாய் மின்னியது. செத்த புழு ஒன்றின் தோலில்கூட அந்த மினுக்கம் ஒட்டியிருந்தது.

"இது என்ன தங்கச்சி? மினுக்குது?"

அவள் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"சோப்புத் தண்ணி, கீப்புத் தண்ணி எதும் விட்டியா?"

"இல்லண்ணே. அவுக குளிக்கிற தண்ணி மட்டுந்தான் விட்டேன்" என்றாள் பொன்மணி. சொல்லி முடித்த பிறகு தன் வாயிலிருந்து வந்ததையே கேட்டாள். 

கல்யாணத்துக்கு முன்னால் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தியவள் அவள். அந்தப் பவுடர் நகக்கண்ணில் ஏறினால் எத்தனை முறை கழுவினாலும் போகாது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மினுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. கூடவே கரைந்த வெடியுப்பு கண்ணுக்குத் தெரியாது. முயல் மூத்திரத்து உப்புக்கே பயந்து தகரம் சாய்த்துக் கட்டியவள், சித்திரையிலிருந்து தன் கையாலேயே மண்ணை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெடியுப்பை ஊட்டியிருக்கிறாள்.

முனியராஜும் பட்டாசு ஊர்க்காரர்தானே. அவருக்கும் விளங்கிவிட்டது. "தங்கச்சி, கொஞ்சம் மோர் குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். அவள் குடிக்கவில்லை.

வீடு வந்ததும் நேரே குளிக்கிற கல்லுக்குப் போனாள். கல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கைச் சிரட்டை ஓட்டால் சுரண்டினாள். பயற்று மாவும் அழுக்குமாகச் சாம்பல் நிறத்தில் பிசுக்கு வந்தது. அதைப் பூவரசு இலையில் வழித்து வெயிலில் வைத்தாள். காய்ந்ததும் மின்னியது. இலையை முன்னால் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

பாலகுரு வந்தான். வண்டியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் வந்தவன் அவளைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், நின்றுவிட்டான். சட்டைக் காலரை ஒரு கையால் இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டான். அந்தத் தழும்பை அவன் அவளிடம் மறைத்து நாளாகியிருந்தது.

"வெம்பக்கோட்ட போயிருந்தேன்" என்றாள்.

"ம்."

"யாருகிட்ட வேல?"

அவன் வேப்பமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்தான். "ஊர்க்காவலன் அண்ணன்கிட்ட. கம்பெனி போர்மேன் வேலைய விட்டுட்டு, கருவக்காட்டுக்குள்ள சொந்தமா ஒரு தகரச் செட்டு போட்டிருக்காரு."

"லைசென்சு?"

"அதெல்லாம் இல்ல."

"ஐயோ! கம்பெனின்னாலும் செவரு இருக்கும், வாசல் இருக்கும். தகரச் செட்டுலயா மருந்து கலக்குறீக?"

"கத்தாத. தெருவுல போறவுக காதுல விளும்."

"விளட்டும்! செல்வக்குமார் மேல சத்தியம் பண்ணீகளே. எங் கண்ணு முன்னால பண்ணீகளே!"

"அவந்தான் செத்துட்டான்ல" என்றான் பாலகுரு தரையைப் பார்த்துக்கொண்டு. "செத்தவன் மேல பண்ணுன சத்தியம் இனி யாரக் கொல்லப் போகுது?"

பொன்மணிக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூண்டுக்குள் முயல்கள் வெயிலுக்கு வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொண்டு, விலா துடிக்க இரைத்துக்கொண்டிருந்தன.

"மிளகாக் கடைங்கிறதும் பொய்யா?"

"நெசமாவே போனேன் புள்ள. போய்க் கேட்டேன், வேலயும் குடுத்தாக. மூட்டைக்குக் கொக்கி போட்டு இளுக்கணும். இந்த வெரலு மடங்கல. ரெண்டு நாளு பாத்தாக. பெறவு மொதலாளி நல்லபடியாத்தான் சொன்னாரு, பாலகுரு நீ சொகமான பெறகு வா அப்படின்னு. இது எங்கிட்டுச் சொகமாக?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"என்னன்னு சொல்ல? ஒரம் வாங்க ஆளில்லன்னு சொல்லவா? நீ அந்தப் புளுக்கையச் சலிச்சுக்கிட்டு இருக்கிறதப் பாத்தா எனக்குச் சொல்ல வாய் வரல. நீ அதுல உசுர வச்சிருந்த."

"நான் ஒங்க மேல வச்சிருந்தேன்" என்றாள். "மூட்டையெல்லாம் எங்க?"

"கண்மாய்க்கரையில கொட்டுனேன்."

அவளுக்கு அந்தக் கருகருவென்ற புல் ஞாபகம் வந்தது. அவள் போட்ட உரத்தில் முளைத்த புல்லைத்தான் அவன் அறுத்து வந்து அவள் முயல்களுக்கே போட்டிருக்கிறான். சிரிக்கிறதா, தலையில் அடித்துக்கொள்கிறதா என்று தெரியவில்லை.

"கையி பயப்படலயா?" என்று கேட்டாள்.

"மொத நாளு மருந்துத் தட்டத் தொட்டப்ப நடுங்குச்சு. நடுங்குன கையோட மருந்தத் தொடக்கூடாதுல்ல. வெளிய போயி ஒரு பீடியக்கூடக் குடிக்காம சும்மா உக்காந்துட்டு, பெறவு வந்து தொட்டேன்." இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்தத் தோலு செத்த தோலு. இதுக்கு அரிப்பும் தெரியல, எரிச்சலும் தெரியல. மருந்துக்குன்னே செஞ்ச கையின்னு ஊர்க்காவலன் அண்ணன் சொல்றாரு."

"அந்த ஆளு வாயில மண்ணு விள!"

"அவரக் குத்தம் சொல்லாத. கூப்பிட்டது அவரு, போனது நான்."

"நான் நாளைலருந்து மதினியோட வேன் ஏறுதேன். திரி வெட்டவோ, பொட்டி ஒட்டவோ போறேன். நீங்க முசலப் பாத்துக்கிட்டு வீட்டுல இருங்க. கஞ்சி குடிச்சாலும் போதும்."

"நீ போன எடம் தீப்பிடிக்காதா? ரெண்டு பேருல யாரு போனாலும் ஒண்ணுதான். எனக்காவது மருந்தப் பத்தித் தெரியும். இன்னும் என்ன, தீவாளி வரைக்குந்தான்."

"செல்வக்குமாரும் அதத்தான் சொன்னான். தீவாளி வரைக்குந்தான் மதினின்னு."

பாலகுரு எழுந்து வீட்டுக்குள் போனான்.   திரும்பி வரும்போது குங்குமத் தட்டிலிருந்த ஊக்கு அவன் கையில் இருந்தது. அவள் பார்க்கும்படி அரைஞாண் கயிற்றில் அதைக் குத்தினான். பொறி தட்டும் என்பதால் இரும்பு உடம்பில் இருந்தால் மருந்து அறைக்குள் கால் வைக்க முடியாது. ஊக்கு இடுப்பில் இருக்கிறவரை அவன் போகவில்லை என்று அர்த்தம்.

"போகல. போதுமா?"

குளிக்கப் போனான். பொன்மணி வாய்க்கால் மண்ணை எடுக்கவில்லை. மண்வெட்டியை எடுத்து வந்து, புழுத்தொட்டிக்குப் போகிற வாய்க்காலை அடியோடு மூடி, மிதித்து இறுக்கினாள். முருங்கைப் பக்கமும் மூடினாள். அந்தக் கீரையைப் பிள்ளை தின்கிறாள். கல்லின் மறுபக்கம் வேலியைத் தாண்டித் தெரு ஓடைக்குப் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டினாள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பாலகுரு செம்பும் கையுமாக நின்று பார்த்தான்.

"அதான் போகலன்னுட்டேன்ல. இது எதுக்கு?"

அவள் வெட்டிய மண்ணை ஓரமாக ஒதுக்கினாள். அவன் குளித்த தண்ணீர் புது வாய்க்காலில் தட்டுத்தடுமாறி ஓடித் தெருவுக்குப் போனது.

சாயங்காலம் இசைவாணியும் அவளுமாகப் பழைய படுகையைக் கிளறி, உயிரோடிருந்த புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். ஒரு சட்டி நிறையவில்லை. புது நார் பரப்பிய பெட்டியில் அவற்றை விட்டாள். "யாரும் வாங்காட்டி எதுக்கும்மா வளக்கணும்?" என்று கேட்டாள் இசைவாணி. தெரு வரைக்கும் கேட்ட சண்டையைப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் யாராவது அவளிடம் சொல்லியிருப்பார்கள். "முசல் போட்டுக்கிட்டுத்தான இருக்கு. அத யாரு திங்க?" என்றாள் பொன்மணி.

விடிகிற நேரத்தில் தெருவில் பைக் வந்து நின்றது. ஹாரன் ஒருமுறை அடித்து நின்றது. ஊர்க்காவலன்தான். இருட்டோடு வருகிற ஆளைக் காணோம் என்று தேடி வந்திருந்தார். வெயில் ஏறுமுன் கலவையை முடிக்க வேண்டும்.

பாலகுரு எழுந்தான். "வரலன்னு சொல்லிட்டு வாரேன்" என்றான். சொல்லிக்கொண்டே மருந்து வேலைக்குப் போடுகிற பருத்திச் சட்டையை மாட்டினான். போனை எடுத்து அலமாரிமேல் வைத்தான். செருப்பைப் போட்டான். வரலன்னு சொல்லப் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவன் கைக்குத் தெரியவில்லை.

பொன்மணி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். இன்றைக்கு அவன் நிற்பான், நாளைக்கும் நிற்கலாம். அடுத்த வாரம் வேறொரு பொய்யைச் சொல்லிக்கொண்டு போவான். பொய்யை மனசில் வைத்துக்கொண்டு, பெண்டாட்டி கண்டுபிடித்துவிடுவாளோ என்று நினைத்துக்கொண்டு மருந்தை உருட்டுகிற கை எந்த நேரத்தில் தடுமாறும்? செல்வக்குமார் அன்றைக்குக் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டுத்தான் போயிருந்தான்.

அவன் வாசல்படி தாண்டும்போது கூப்பிட்டாள்.

"இந்தா, நில்லுங்க."

திரும்பினான்.

"இடுப்புல ஊக்கு இருக்கு. களட்டிக் குடுத்துட்டுப் போங்க."

பாலகுரு அவள் முகத்தையே பார்த்தான். ஒட்டிய விரல்களால் ஊக்கைக் கழற்றத் தெரியாமல் தடுமாறினான். அவளே வந்து சட்டையைத் தூக்கிக் கழற்றினாள். தூக்குவாளியைக் கொடுத்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"எதையும் நெனக்காதீக" என்றாள். "வேலையில மட்டும் கண்ணு இருக்கட்டும்."

பைக் கருவேலங்காட்டுப் பக்கம் போகிற சத்தம் தேய்ந்தது. ஊக்கைக் குங்குமத் தட்டில் போட்டாள். குடிக்கப் பிடித்து வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு செம்பு நல்ல தண்ணீர் மொண்டு, பின்பக்கம் போய்ப் புழுக்களுக்குத் தெளித்தாள். பயற்று மாவைக் கரைத்துக் கல்மேல் மூடி வைத்தாள். மதியம் அவன் வந்ததும் வேண்டும். பிறகு கூண்டுக்கு அடியில் உட்கார்ந்து புழுக்கையைச் சல்லடையில் அள்ளிப் போட்டாள். சலிக்கிற சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் காதில் விழாமல் போய்விடக்கூடாது என்று, நிறுத்தி நிறுத்திச் சலித்தாள்.